சார்பதிவாளர் முன் சொல்லும் பொய்: பதிவுச் சட்டத்தின் 82-வது பிரிவு என்ன சொல்கிறது?

“இச்சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமும் வழக்கு விவகாரமும் இல்லை. பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுக்கிறேன்.” தமிழ்நாட்டில் எழுதப்படும் கிரயப் பத்திரங்களில் இந்த வரியைப் பார்க்காமல் இருப்பது அரிது. ஆவண எழுத்தர் பழக்கத்தில் சேர்த்துவிடுகிறார், எழுதிக் கொடுப்பவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். நிலத்தின் மேல் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் அதே வரிதான் எழுதப்படுகிறது.

பிறகு விஷயம் தெரிந்து பங்காளியோ சகோதரியோ காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். “இது சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பதில் சில நேரம் சரி, பல நேரம் தவறு. நிலம் யாருடையது என்பது சிவில் கேள்வி. பதிவு அலுவலரிடம் தெரிந்தே பொய் சொன்னது தனிக் குற்றம். இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரியாததால்தான் நியாயமான புகார்கள்கூட வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 82, நான்கு செயல்களைக் குற்றமாக்குகிறது. அச்சட்டப்படி நடக்கும் எந்த நடவடிக்கையிலும் விசாரணையிலும் பதிவு அலுவலர் முன் வேண்டுமென்றே பொய் சொல்வது. பொய்யான நகலையோ மொழிபெயர்ப்பையோ வரைபடத்தையோ கொடுப்பது. ஆள்மாறாட்டம் செய்து ஆவணத்தைத் தாக்கல் செய்வது அல்லது வாக்குமூலம் கொடுப்பது. இவற்றில் எதற்கும் உடந்தையாக இருப்பது. தண்டனை ஏழு ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடந்தை என்ற சொல்லை அடையாளம் காட்டும் சாட்சிகள் நினைவில் வைக்க வேண்டும். தெரிந்தவர் கூப்பிட்டார் என்று போய், முன்பின் பார்த்திராத ஒருவரை “இவர்தான் இன்னார்” என்று அடையாளம் காட்டிக் கையெழுத்திடுவது சின்ன உதவி என்று நினைக்கிறார்கள். அதுவே சிறைக்கு வழியாகலாம்.

பிரிவில் இருக்கும் ஒரு சொற்றொடர் முக்கியமானது. சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், எழுத்தில் பதிவானாலும் ஆகாவிட்டாலும், பொய் பொய்தான் என்கிறது சட்டம். ஆனால் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய நாளில் எழுத்தில் இருப்பதுதான் கைகொடுக்கும். பத்திரத்தில் “வில்லங்கம் இல்லை” என்று எழுதியது வாங்குபவருக்குக் கொடுத்த உறுதி என்றும், அலுவலரிடம் சொன்ன வாக்குமூலம் அல்ல என்றும் எதிர்த்தரப்பு வாதாடும்.

அந்த ஓட்டையை அடைக்க அதே சட்டத்தின் 63-வது பிரிவு உதவும். பதிவு அலுவலர் தாம் விசாரிக்கும் நபருக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைக்கலாம். அவர் சொன்னதன் சாரத்தைக் குறித்து, படித்துக் காட்டி, அவர் சரியென ஒப்புக்கொண்டால் அலுவலர் கையெழுத்திடலாம். அந்தக் குறிப்பு பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். பலரும் பயன்படுத்தாமல் விடும் பிரிவு இது. உங்கள் குடும்ப நிலத்தை ஒருவர் தனியாக விற்கப் போகிறார் என்று தெரிந்தால், சார்பதிவாளரிடம் ஆட்சேபணை மனு கொடுக்கும்போது, “எதிர்த்தரப்பை விசாரித்து 63-வது பிரிவின்படி வாக்குமூலம் பதிவு செய்யுங்கள்” என்று ஒரு வரி சேருங்கள். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், வழக்கு மனுவில் கண்ட சர்வே எண் எல்லாம் அதில் இருக்கட்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். விசாரணையில் “தங்கை என்று யாரும் எனக்கு இல்லை”, “எந்த வழக்கும் இல்லை” என்று அவர் சொன்னால், பிரிவு 82-க்கு வேண்டிய பொய் ஏட்டில் ஏறிவிட்டது.

ஆட்சேபணை மனு கொடுத்தாலே பதிவு நின்றுவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே பதிவை மறுக்கப் போதுமான காரணமாகாது. நீதிமன்றத் தடையாணையோ ஜப்தியோ இருந்தால்தான் மனு வலுப்பெறும். தமிழ்நாட்டுத் திருத்தமான பிரிவு 22-பி, போலி ஆவணங்களையும் சட்டம் தடுத்த பரிமாற்றங்களையும் ஜப்தியான சொத்துகளையும் பதிவு செய்ய மறுக்கச் சொல்கிறது.

எது தெளிவான பொய் என்பதற்கு ஓர் உதாரணம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்தால், பொதுவாக அந்த அதிகாரமும் அன்றே முடிந்துவிடும். அவர் காலமானது தெரிந்தும், முகவர் சார்பதிவாளர் முன் போய், “அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார்” என்று சொல்லிக் கிரயம் எழுதிக் கொடுத்தால், அது உரிமைத் தகராறு ஆகாது. இறப்புச் சான்றிதழின் தேதியையும் பத்திரத்தின் தேதியையும் பக்கத்தில் வைத்தாலே போதும். மாறாக, “இது என் தாத்தா எனக்கு எழுதிவைத்த நிலம்” என்று ஒருவர் உண்மையாகவே நம்பி விற்கிறார், பங்காளி அந்த உயிலை மறுக்கிறார் என்றால், அங்கே வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. அதை சிவில் நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும்.

புகாரில் எந்தப் பிரிவைப் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். எடுத்த எடுப்பில் போலி ஆவணக் குற்றத்தைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைத் தன் பெயரிலேயே விற்பவர் மோசடிக்காரராக இருக்கலாம், ஆனால் அந்தப் பத்திரம் சட்டத்தின் பொருளில் ‘போலி ஆவணம்’ ஆகாது என்று முகமது இப்ராகிம் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வேறொருவர் போல நடித்தோ, அவர் கையெழுத்தை இட்டோ எழுதியிருந்தால்தான் போலி. ஏமாந்து பணம் கொடுத்த வாங்குபவர் ஏமாற்றுதல் குற்றத்துக்குப் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்ததற்கு அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), அதற்கு முன் நடந்ததற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420. ஆள்மாறாட்டம் நடந்திருந்தால் போலி ஆவணப் பிரிவுகளும் பிரிவு 82-ம் சேர்ந்து வரும்.

பிரிவு 83-இன்படி பதிவுத்துறைத் தலைவர், மாவட்டப் பதிவாளர், சார்பதிவாளர் ஆகியோர் வழக்குத் தொடரலாம் அல்லது தொடர அனுமதி தரலாம். “பதிவாளர் அனுமதி இல்லாமல் புகாரை எடுக்க மாட்டோம்” என்று யாராவது சொன்னால், தனி நபர் வழக்குத் தொடர அந்த அனுமதி கட்டாயமில்லை என்று தர்மதேவ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லிவிட்டதை எடுத்துக் காட்டுங்கள். ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால், பிடியாணை இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்க முடியும்.

பொய் சொன்னவருக்குத் தண்டனை கிடைத்தாலும் பத்திரம் தானாகச் செத்துவிடாது. மோசடிப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவகுத்த 77-ஏ பிரிவை, அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பத்திரத்தை ரத்து செய்யவோ, அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை (நீதிமன்ற அறிவிப்பு) பெறவோ சிவில் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். ரத்து கோரும் வழக்குக்குக் காலவரம்பு மூன்றே ஆண்டுகள், அதற்கான காரணம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. குற்றவழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். வழக்கு நடக்கும்போது விற்ற நிலமென்றால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வாங்கியவரும் அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது என்பது அவரைக் காப்பாற்றாது. நிலுவையில் உள்ள வழக்குகள் வழக்கமாக அதில் ஏறுவதில்லை.

எந்தப் புகாருக்கும் முன்னால், அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் கட்டி வாங்குங்கள். பதிவு மேலெழுத்தை, அதாவது பதிவின்போது அலுவலர் பத்திரத்தில் எழுதும் குறிப்பை, பொறுமையாகப் படியுங்கள். தாக்கல் செய்தவர் யார், எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டவர் யார், அவரை அடையாளம் காட்டிய சாட்சிகள் யார், எந்தத் தேதியில் என்று எல்லாம் அங்கே இருக்கும். புகைப்படமும் விரல்ரேகையும் ஒட்டியிருக்கும். உங்கள் தாயின் பெயருக்கு எதிரே வேறொரு பெண்ணின் முகம் இருந்தால், புகாரின் முதல் வரியை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.