தவ்பா: சொல்லும் பொருளும் தமிழும்

தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் எழுத்திலும் 'தவ்பா' என்றும் 'தௌபா' என்றும் வழங்கும் அரபுச் சொல்லுக்குப் 'பாவமன்னிப்பு' என்றே பெரும்பாலும் பொருள் சொல்லப்படுகிறது. இப்பொருளைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அது செயலை விட்டுவிட்டு அதன் பயனை மட்டும் பெயரிடுகிறது. தவ்பா மனிதன் செய்வது, மன்னிப்பு இறைவன் அருள்வது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கும்போது, மனிதன் செய்ய வேண்டியது கேட்பது மட்டுமே என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

தா, வாவ், பா என்னும் மூன்று வேரெழுத்துகளிலிருந்து இச்சொல் பிறக்கிறது. 'தாப' என்ற வினைக்குத் 'திரும்பினான்' என்பதே அடிப்படைப் பொருள். அரமேயத்தின் 'தூப்', எபிரேயத்தின் 'ஷூப்' ஆகிய வினைகளும் இதற்கு இனமான செமித்தியச் சொற்களே. பாவத்திலிருந்து விலகி இறைவனிடம் வருவதை யூதர்கள் குறிக்கும் 'தெஷுவா' என்னும் சொல்லும் அந்த எபிரேய வினையிலிருந்து வந்ததே.

குர்ஆனில் இவ்வினை மனிதனுக்கும் இறைவனுக்கும் பொதுவாக வருகிறது. வேறுபாட்டை உடன்வரும் இடைச்சொல்லே காட்டுகிறது. மனிதனைப் பற்றிச் சொல்லும்போது 'இலா' சேர்ந்து 'இறைவனை நோக்கித் திரும்பினான்' என்றாகிறது. இறைவனைப் பற்றிச் சொல்லும்போது 'அலா' சேர்ந்து 'அடியான்மீது அருளோடு திரும்பினான்' என்றாகிறது. இருவரின் திரும்புதலும் ஒரே மூச்சில் வரும் ஓர் இடம் 9ஆம் அத்தியாயத்தின் 118ஆம் வசனம். அந்த அத்தியாயத்தின் பெயரே 'அத்தவ்பா'. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 'பிஸ்மில்லாஹ்' (அல்லாஹ்வின் பெயரால்) என்னும் தொடர் முன்னிற்காமல் தொடங்குவது இது ஒன்றே.

அவ்வசனத்தின் பின்னணியை அறிந்தால் சொல்லின் முழு வீச்சும் விளங்கும். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630இல், தபூக் படையெடுப்பில் கலந்துகொள்ளாமல் மதீனாவிலேயே தங்கிவிட்டவர்களுள் கஅப் இப்னு மாலிக்கும் ஒருவர். பலர் சாக்குச் சொல்லித் தப்பியபோது, சொல்வன்மை மிக்க கவிஞரான அவர் தமக்குக் காரணம் ஏதுமில்லை என்று நபிகள் நாயகத்திடம் உண்மையையே சொன்னார். அவரோடும் அவரைப் போலவே உண்மை சொன்ன வேறு இருவரோடும் யாரும் பேசக் கூடாதென்று கட்டளை பிறந்தது. ஐம்பதாம் இரவு கழிந்த விடியலில் தம் வீட்டுக் கூரைமேல் தொழுதுவிட்டு அவர் அமர்ந்திருக்க, ஸல்உ மலைமீதிருந்து ஒருவர், அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்ட நற்செய்தியை உரக்கக் கூவினார். வசனம் இந்த நிகழ்வைச் சொல்லும் முறை கவனிக்கத்தக்கது: 'தாப அலைஹிம் லியதூபூ', அதாவது 'அவர்கள் திரும்பும்பொருட்டு அவன் அவர்கள்மீது திரும்பினான்'. மனிதனின் திரும்புதலுக்கு முன்பே இறைவனின் திரும்புதல் நிகழ்ந்துவிடுகிறது. 'பாவமன்னிப்பு' என்ற ஒரு சொல்லை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தால் இந்த வாக்கியம் குலைந்துபோகும்.

திரும்புதல் என்றால் எங்கே என்ற கேள்வி தானாக எழும். படைப்பாளன்மீது கொள்ளும் நம்பிக்கையே அதற்கு விடை. காளைக்கன்றை வணங்கிய மக்களிடம் மூசா நபி 'உங்கள் பாரிஇடம் தவ்பா செய்யுங்கள்' என்கிறார் (2:54). 'பாரிஉ' என்றால் உருவாக்கியவன்; இறைவனுக்குப் பல பெயர்கள் இருக்க இவ்விடத்தில் இப்பெயர் வருவது பொருத்தமானதே. கைகளால் செய்த உருவத்தை வணங்கியவர்கள், தங்களையே உருவாக்கியவனிடம் திரும்ப வேண்டியவர்களாகிறார்கள்.

மன்னிப்புக்கு அரபியில் வேறு சொற்கள் உண்டு. 'மஃபிரத்' என்பதன் வேர் மூடுதலைக் குறிக்கிறது. தலையை மூடிக் காக்கும் போர்க்கவசத்துக்கு 'மிஃபர்' என்று பெயர். பாவத்தை மறைத்து அதன் தண்டனையிலிருந்து காப்பதே மஃபிரத், அதை வேண்டுவது 'இஸ்திஃபார்'. 'அஃப்வ்' என்பதோ தடம் தெரியாமல் அழித்துவிடுவது. 11ஆம் அத்தியாயத்தில் சாலிஹ் நபி, இறைவன் உங்களைப் பூமியிலிருந்து உண்டாக்கினான் என்று கூறிவிட்டு, 'அவனிடம் மன்னிப்பு வேண்டுங்கள், பின்னர் அவனிடம் திரும்புங்கள்' என்கிறார் (11:61). 'பின்னர்' என்று ஒரு சொல் இடையில் நிற்கும்போது இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

தவ்பாவுக்கு இஸ்லாமிய அறிஞர் இமாம் நவவி (இறப்பு 1277) கூறும் நிபந்தனைகளும் திரும்புதல் என்ற பொருளையே விரிக்கின்றன: பாவத்தை விட்டுவிட வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், மீண்டும் அதன்பக்கம் போவதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். பிற மனிதருக்கு உரியதைப் பறித்திருந்தால் அதை அவரிடம் ஒப்படைக்கவும் வேண்டும். நான்கில் எதுவும் வாய்ச்சொல்லோடு முடிவதில்லை. சாவு கண்முன் நிற்கும்போது 'இப்போது தவ்பா செய்கிறேன்' என்பவனுக்கு அது இல்லை என்று 4:18 கூறுவதன் காரணமும் இங்கே புலப்படும். திரும்பி நடக்க அவனுக்கு வழி மிச்சமில்லை. அதற்கு முன்வரை எவ்வளவு பெரிய பாவியாயினும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது 39:53.

இனித் தமிழ்ச் சொல். 'கழிவிரக்கம்' வருத்தத்தோடு நின்றுவிடுகிறது. தமிழ்க் கிறித்தவ வழக்கின் 'மனந்திரும்புதல்' மிக நெருங்கி வந்தாலும், மனத்தின் மாற்றத்தையே முன்னிறுத்துகிறது. 'மீட்பு' பிறர் நம்மைக் கொண்டுவருவது. தன்வினையான 'மீளுதல்' நாமே வருவது. ஆதலால் மனிதன் செய்யும் தவ்பாவுக்கு 'இறைவனிடம் மீளுதல்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். இறைவனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'மீளுதல்' பொருந்தாது; 'முகம் திருப்புதல்' என்றாலோ தமிழில் வெறுத்து ஒதுக்குவதாகிவிடும்; 'அருளோடு திரும்புதல்' என்று விரித்துச் சொல்வதே நல்லது. 'அத்தவ்வாப்' என்னும் இறைப்பெயரின் அமைப்பு மிகுதியையும் தொடர்ச்சியையும் உணர்த்துவதால், அதனை 'மீள்வோரை மீண்டும் மீண்டும் ஏற்பவன்' எனலாம். 'பாவமன்னிப்பு வேண்டுதல்' என்பதை இஸ்திஃபாருக்கே உரியதாக விட்டுவிடலாம்.