டிப்ஸ்: சொல்லும் சில்லறையும்

ஐரோப்பா சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டு வந்த பெரியம்மா, பயணத் திட்டத் தாளை என்னிடம் நீட்டினார். "கட்டணத்தில் அடங்காதவை" என்ற தலைப்பின் கீழ் கடைசி வரி: ஓட்டுநர் மற்றும் வழிகாட்டிக்கான டிப்ஸ், ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை யூரோ.

"இது என்னடா, டிரைவர் பேட்டாவா?"

"இல்ல பெரியம்மா, இனாம் மாதிரி."

"இனாம்னா நாமளா பாத்துக் குடுக்கறது. இவங்க முன்கூட்டியே கணக்குப் போட்டு வாங்கறாங்களே?"

என்னிடம் பதில் இல்லை. டிப்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு பணங்களைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டில் கொடுப்பதா வேண்டாமா என்ற குழப்பத்தில் பாதி இதனால் வருவதுதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அது ஒருமையில் "டிப்". நாம் பன்மையாக வாங்கி ஒருமையாகப் புழங்குகிறோம். "ஒரு டிப்ஸ்" என்பது தமிழில் பிழையாகவே படுவதில்லை. சமையல் டிப்ஸ், அழகு டிப்ஸ் என்று வரும்போது அதற்குக் "குறிப்பு" என்ற நல்ல சொல் இருக்கிறது. சிக்கல் பணத்துக்குத்தான். "விரைவான சேவையை உறுதி செய்ய" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே இந்தச் சொல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். நம்ப வேண்டாம். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கம் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. இந்தச் சொல்லோ 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் திருடர்களுடைய குழூஉக்குறியில் இருந்தது. அங்கே அதற்குக் "கொடு", "கைமாற்று" என்றுதான் பொருள். பணியாளுக்குக் கொடுக்கும் சிறுதொகை என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில் நிலைத்தது.

மற்ற மொழிகள் இதை ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்வது வேடிக்கை. பிரெஞ்சில் "பூர்புவார்", குடிப்பதற்கு. ஜெர்மனில் "டிரிங்க்கெல்ட்", குடிக்காசு. ஹங்கேரியனில் அது திராட்சை மதுவுக்கான காசு. ரஷ்யன் மட்டும் கொஞ்சம் ஒழுக்கமாகத் "தேநீருக்கு" என்கிறது. வியட்நாமிய மொழி பிரெஞ்சுச் சொல்லின் ஒரு துண்டைக் கடன் வாங்கி "போவா" ஆக்கிக்கொண்டது. நம் ஊரில் லாரியிலிருந்து பீரோவை இறக்கி வைத்தவர் தலையைச் சொறிந்தபடி "டீ செலவுக்கு ஏதாவது..." என்று இழுப்பது இந்த வரிசையில் அப்படியே பொருந்தும்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் கொடுப்பவர் எங்கே நிற்கிறார், வாங்குபவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

"இனாம்" அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. மேலிருந்து கீழே வழங்கும் அருள் அதன் அடிப்பொருள். அரசர்களும் நவாபுகளும் வரியின்றி விட்ட நிலங்கள் இனாம் நிலங்கள். அவற்றில் சிறிய இனாம்களை ஒழிக்கச் சென்னை மாநிலத்தில் 1963இல் தனிச் சட்டமே வந்தது. நிலம் போனபின் சொல் இளைத்து, இன்று சோப்பு வாங்கினால் சீப்பு இனாம் என்ற அளவுக்கு வந்து நிற்கிறது. "பக்‌ஷீஸ்" பாரசீகச் சொல்; கொடுத்தலையும் மன்னித்தலையும் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. தமிழில் பழைய தலைமுறையோடு போய்விட்டது, எகிப்தில் இறங்கியதும் மீண்டும் காதில் விழும். அங்கே பெட்டி தூக்குபவர், கழிப்பறையில் தாள் நீட்டுபவர், கல்லறையின் மூலையைக் காட்டுகிறேன் என்று கூடவே வருபவர் என எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். சில்லறை நோட்டு இல்லாமல் கிளம்பக் கூடாது.

"பேட்டா" வேறு சாதி. நெல்லைக் குறிக்கும் கன்னட "பத்த" போன்ற சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போய், கிழக்கிந்தியக் கம்பெனி படைகளின் சம்பளப் பட்டியலில் "பட்டா" ஆனது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். போர்க்களச் செலவுக்காகத் தந்துவந்த இரட்டைப் பட்டாவை கிளைவ் 1766இல் நிறுத்தியபோது வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரிகளே கலகம் செய்தார்கள். அவர்களுக்கு அது உரிமைப் பணம். இன்றும் வாடகைக் காரில் டிரைவர் பேட்டா என்றால் முன்பே பேசிக்கொண்ட தொகை. அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இதற்கு நல்ல தமிழும் உண்டு: படி. பயணப்படி, பஞ்சப்படி என்று அலுவலகங்களில் புழங்கும் அதே படிதான்.

"அன்பளிப்பு" என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று அச்சடித்து அதைத் தங்கச் சங்கிலியின் பக்கம் தள்ளிவிட்டோம். போதாததற்கு, லஞ்சம் வாங்குபவரும் அதைத்தான் சொல்கிறார். "கையூட்டு", "மாமூல்" இரண்டும் அந்தத் தெருதான். "டிரைவரைக் கொஞ்சம் கவனிங்க" என்பதில் உள்ள கவனிப்பு மட்டும் இரண்டு பக்கமும் காலை வைத்திருக்கிறது.

பழைய சொல் "பரிசில்". பாணரும் புலவரும் பாடிப் பெற்றது. புறநானூற்றின் 208ஆம் பாட்டில், மலைகள் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் பாராமலே அதியமான் பொருள் கொடுத்தனுப்புகிறான். புலவர் மறுக்கிறார்: காணாது ஈத்த இப்பொருளுக்கு நான் ஒரு வாணிகப் பரிசிலன் அல்லேன்; தினையளவே ஆனாலும் தரம் அறிந்து தந்தால் இனிது. டாக்சிக் கட்டணத்தோடு தானாகச் சேர்ந்துவிடும் விழுக்காட்டைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும்.

ஜப்பானியருக்கு இது சட்டென்று புரியும். அங்கே மேசையில் மிச்சக் காசை விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். டாக்சியிலும் மீட்டர் காட்டுவது மட்டும்தான். கொடுக்கும் வழக்கமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது: பாரம்பரிய விடுதிகளில் அறையைக் கவனிக்கும் பெண்மணிக்குச் சிறு உறையில் வைத்து, முகம் பார்த்து, கையில் தருவது. அதன் பெயர் "கொக்கொரோசுக்கே". மனத்தைச் சேர்த்து வைப்பது என்று சொல்லலாம். வெறும் நோட்டை நீட்டினால் கூச்சப்படுவார்கள்.

இதற்கு நேர் எதிர்க் கோடி அமெரிக்கா. நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில், சாப்பாடு சுமார் என்பதால் சீட்டில் டிப் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். மச்சான் பேனாவைப் பிடுங்கி 18 விழுக்காடு எழுதினார். "சமைச்சவன் மேல கோவம்னா பரிமாறினவ சம்பளத்தைப் பிடிப்பீங்களா?" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. டிப் வாங்கும் பணியாளருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அந்த எண் அசையவே இல்லை. மற்றவர்களுக்கு 7.25. இடைவெளியை உங்களுடைய டிப் நிரப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு, நிரம்பாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்டுவார். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்தக் குறைகூலியை ஏற்பதில்லை. ஆனாலும் 15 முதல் 20 விழுக்காடு என்ற வழக்கம் அங்கும் மாறவில்லை. டாக்சிக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

இது இயல்பாக வளர்ந்த பெருந்தன்மை அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலையான கறுப்பின மக்களை புல்மன் நிறுவனம் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணியாளர்களாகச் சேர்த்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளிடம் புன்னகைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பயணிகள் அவர்களை முதலாளியின் பெயரால் "ஜார்ஜ்" என்றே அழைத்தார்கள், யாராக இருந்தாலும். அவர்கள் 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 12 ஆண்டுகள் போராடி 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முன்பே 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப் கொடுப்பதையே தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926க்குள் எல்லாத் தடைகளும் கலைந்துவிட்டன. ஆக, அமெரிக்காவில் நாம் டிப்ஸ் என்று சொல்வதைத் தமிழில் கூலி என்றே எழுதலாம். கொடுக்காமல் வருவது கூலிப்பிடித்தம்.

ஐரோப்பாவுக்கு இந்தப் பயம் தேவையில்லை. பிரான்சில் விலைப்பட்டியலில் இருக்கும் விலைக்குள்ளேயே சேவை அடக்கம். மேலே ஓரிரு யூரோ வைத்தால் மகிழ்ச்சி, வைக்காவிட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். ஜெர்மனியில் 27.60 யூரோ ஆனால், காசைக் கொடுக்கும்போதே "முப்பது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மேசையில் விட்டுப் போவது அங்கே வழக்கமில்லை. லண்டன் உணவக ரசீதில் 12.5 விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்திருந்தால் இரண்டாம் முறை கொடுக்காதீர்கள். அந்தப் பணம் முழுவதும் பணியாளருக்கே போக வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி பார்த்தால், சேவைக்கு 10 விழுக்காடும் அதன் மேல் வரியும் வரும் என்று பொருள். அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இலங்கையில் இதற்குப் பெயர் "சந்தோசம்". சிங்களத்திலும் இதே சொல்தான் புழங்குகிறது. வடமொழி வேர் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். நான் பார்த்தவரை இந்தப் பணத்துக்கு இருக்கும் பெயர்களில் கொடுப்பவரை உயர்த்தாமல், வாங்குபவரைத் தாழ்த்தாமல் நிற்பது இது ஒன்றுதான். எழுத்தில் தனித்தமிழே வேண்டும் என்றால், முன்பே விதித்த தொகைக்குப் படி, ரசீதில் ஏறும் விழுக்காட்டுக்குச் சேவைக் கட்டணம் என்று பிரித்து எழுதலாம். மிச்சம் நிற்கும் அந்தச் சின்னக் காசுக்கு மட்டும் எனக்கு இன்னும் தனித்தமிழ்ச் சொல் சிக்கவில்லை.

பெரியம்மா 12 நாள் சுற்றிவிட்டு வந்தார். செலவுக் கணக்கு நோட்டைக் காட்டினார். "டிரைவர் பேட்டா" என்று ஒரு வரி. சுற்றுலாக்காரர்கள் வசூலித்த மொத்தத் தொகை அதில் இருந்தது. அதற்குக் கீழே, ரோமில் மழையில் பெட்டியை லிஃப்ட் வரை தூக்கி வந்ததற்காக, 5 யூரோ. அந்த வரிக்கு மட்டும் அவர் எந்தப் பெயரும் எழுதவில்லை.