சான்றிதழில் சிறையின் பெயர் எதற்கு?

போன வாரம் சிறை வெல்டிங் வகுப்புக்குள் நுழைந்ததும் தெரிந்த முகம் ஒன்று. என்னிடம் படித்து முடித்து, ஒன்றரை வருஷத்துக்கு முன் விடுதலையானவர். "கை மறக்கல சார்" என்றார், தலை நிமிராமல். இரண்டு தகடுகளைக் கொடுத்தேன். போட்ட ஜாயின்ட்டைத் தட்டியதும் மேலே படிந்திருந்த வெல்டிங் கசடு ஒரே ஓடாகக் கழன்று விழுந்தது. அடியில் செதில் செதிலாகச் சீரான வரி. பிசிறே இல்லை.

வெளியே பதினோரு பட்டறை ஏறி இறங்கியிருக்கிறார். சான்றிதழில் சிறையின் முத்திரையைப் பார்த்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட வெல்டிங் ஹோல்டரைக் கையில் கொடுத்து, "போட்டுக் காட்டு" என்று சொல்லவில்லை. இந்த வருஷம் இப்படி மறுபடி சிறைக்கே திரும்பி வந்தவர்களில் இவர் நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சிறையில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாலே ஒரு கேள்வி வரும். "தப்பு செய்தவனுக்கு எதற்கு இலவசப் படிப்பு?" கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சரி, இன்னொரு முறை பொறுமையாகச் சொல்கிறேன். நீதிமன்றம் விதித்த தண்டனை, சுதந்திரத்தைப் பறித்தது. அது ஒவ்வொரு ராத்திரியும் கதவு பூட்டும்போது நிறைவேறிக்கொண்டுதான் இருக்கிறது. வெல்டிங் கற்றுக்கொள்வதால் அந்தப் பூட்டு திறந்துவிடுவதில்லை. சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வரத்தான் போகிறார்கள். உங்கள் தெருவுக்கு, உங்கள் பக்கத்து இருக்கைக்கு. ஐந்து வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் வர வேண்டுமா, கையில் தொழிலோடு ஒருவர் வர வேண்டுமா? அவர் மறுபடி தப்பு செய்யாமல் இருந்தால் பிழைக்கப்போவது அடுத்துப் பாதிக்கப்பட இருந்த யாரோ ஒருவர். பயிற்சி அவருக்கும் சேர்த்துத்தான்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 4-ஆவது இதைத்தான் சொல்கிறது. சமூகத்தைக் குற்றத்திலிருந்து காப்பதும், மறுபடி குற்றம் நடப்பதைக் குறைப்பதும்தான் சிறையின் நோக்கம். வெளியே வந்து சட்டத்துக்கு உட்பட்டு, சொந்தக் காலில் வாழ அந்தக் காலம் அவரைத் தயார் செய்தால்தான் அது நிறைவேறும். அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிறைக்குள் கல்வி பெற்றவர்கள் மறுபடி சிறைக்குப் போவது சுமார் 13 சதவீதப் புள்ளிகள் குறைவு. பயிற்சிக்குப் போடும் ஒவ்வொரு டாலருக்கும், மறுபடி சிறையில் வைக்கும் செலவில் முதல் மூன்று வருஷத்தில் நான்கு, ஐந்து டாலர் மிச்சமாகிறது.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. நடத்த எளிது என்பதற்காகவே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கிறோம். வெளியே அதற்கு ஆள் எடுப்பாரே இல்லை. பாதிப் பாடத்தில் ஆளை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள். எத்தனையோ பேருக்கு நான் முதலில் சொல்லித்தருவது வெல்டிங்கே அல்ல, டேப்பில் அரை, கால், அரைக்கால் பார்ப்பது. அதற்கே மாதம் ஓடிவிடும். அந்த நேரத்தில் இடமாற்றம் வந்தால் எல்லாம் வீண்.

பயிற்சி நடத்துபவர்களே, தேர்வை வெளி வாரியத்தை வைத்து நடத்துங்கள். சிறைக் கல்வி நாட்டின் கல்வி முறையோடு இணைந்திருக்க வேண்டும் என்று மண்டேலா விதிகளில் 104-ஆவது விதியே சொல்லும்போது, சான்றிதழில் சிறையின் பெயர் எதற்கு? அடையாள ஆவணம், தங்க இடம், வேலை, ஊர் போய்ச் சேரக் காசு எல்லாம் 108-ஆவது விதியில் இருக்கிறது. இதையெல்லாம் விடுதலை நாள் காலையில் தேடாதீர்கள். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வந்த முதல் வாரமே "எப்போ சம்பாதிப்பே?" என்று கேட்காதீர்கள். பழைய கூட்டாளிகள் அந்த வாரத்தில்தான் கையில் பணத்தோடு வருவார்கள். ஒரு மாதம் தாங்கிப் பிடியுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களே, பழைய கதையைத் தாராளமாகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதலில் ஒரு ஜாயின்ட் போடச் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்.

திரும்பி வந்தவரை மறுபடி தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். இந்த முறை தேர்வாளர் வெளியிலிருந்து வருகிறார். சான்றிதழும் அவர்கள் வாரியத்தின் பெயரில்தான் வரும்.