பிள்ளை 6-ல், தாய் 23-ல்: விமானத்தில் சேர்ந்து உட்கார என்ன வழி?

கீழக்கரையில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா என்றுதான் ஆட்கள் வருவார்கள். ஆனால் வளைகுடாவில் ஒருவராவது இல்லாத வீடு இந்தக் கடற்கரையில் குறைவு. அதனால் விமான டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டும் வருவார்கள், பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

அப்படித்தான் பெரியபட்டினத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். இரண்டு போர்டிங் பாஸை மேசையில் வைத்தார். ஒன்றில் 23பி, இன்னொன்றில் 6இ. அந்த 6இ அவருடைய நான்கு வயது மகனுடையது. மதுரையிலிருந்து சென்னை. கவுண்டரில் கேட்டதற்கு, காசு கட்டினால் பக்கத்தில் போட்டுத் தருகிறோம் என்றார்களாம். கையில் ஆட்டோவுக்கு வைத்திருந்ததுதான் இருந்தது, கட்டவில்லை. "பெல்ட்டப் போட்டுட்டாங்க தம்பி, எந்திரிக்க விடல. அவன் உக்காந்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டு, யார்ட்டயும் சொல்லாம அப்படியே இருந்திருக்கான்" என்றார்.

இதற்கு விதி இருக்கிறது. 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் டிஜிசிஏ விமான நிறுவனங்களுக்குச் சொன்னது இதுதான்: 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பிஎன்ஆரில் (டிக்கெட் போடும்போது கிடைக்கும் பதிவுக் குறியீடு) பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்காவது பக்கத்தில் சீட் ஒதுக்க வேண்டும், அப்படி ஒதுக்கியதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. இதில் எந்தச் சொல்லில் கால் தடுக்கும் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

"அதே பிஎன்ஆர்". அக்கா விழுந்த குழி இது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். அவருக்கு ஒரு பிஎன்ஆர், பையனுக்கு வேறொரு பிஎன்ஆர். ஒரே விமானம், ஒரே நாள், ஒரே ஏஜென்ட். ஏன் இப்படிப் போடுகிறார்கள் என்றால், குறைந்த கட்டணத்தில் ஒரு சீட் மட்டும் மிச்சம் இருக்கும்போது இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடினால் இரண்டுமே கூடின கட்டணத்தில் காட்டும். தனித்தனியாகப் போட்டால் ஒருவருக்காவது மலிவாகக் கிடைக்கும். ஏஜென்ட் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார். ஆனால் கணினியில் உங்கள் பையன் யாரோ, நீங்கள் யாரோ. கவுண்டரில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டால் உண்டு, விதியைக் காட்டிக் கேட்க முடியாது.

டிக்கெட் போடச் சொல்லும்போதே "எல்லாரையும் ஒரே பிஎன்ஆர்ல போடுங்க" என்று சொல்லுங்கள். முந்நூறு நானூறு கூடினாலும் பரவாயில்லை, சீட்டுக்குத் தனியாகக் கட்டுவதோடு ஒப்பிட்டால் பல நேரம் இதுதான் மலிவு. வாட்ஸ்அப்பில் டிக்கெட் வந்ததும் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் வரும் அந்தக் குறியீடு எல்லார் பெயருக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள். இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இதைவிட முக்கியமான வேலை வேறெதுவும் இல்லை.

ஏற்கெனவே தனித்தனியாகப் போட்டாயிற்று என்றால், இரண்டு பிஎன்ஆரையும் சொல்லி நிறுவனத்தின் எண்ணுக்குப் போன் செய்து, ஒரே குடும்பம், பிள்ளைக்கு இத்தனை வயது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். செய்தால் உதவிதான், உரிமை அல்ல. ஒன்றாக இருந்த பிஎன்ஆர் பிரிந்துபோவதும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தேதி மாற்றினால் அவர் பெயர் தனி பிஎன்ஆருக்குப் போய்விடும். அப்பா பயணத்தைத் தள்ளிப்போட்டால், பிள்ளை யாரோடு இருக்கிறது என்று மறுபடி பாருங்கள்.

அடுத்தது வயது. உள்நாட்டு விமானங்களில் இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் பெரியவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. அதனால் அவசரத்தில் சிலர் பிள்ளையையும் பெரியவர் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். பணத்தில் தெரியாது, சீட்டில்தான் தெரியும். நான்கு வயதுப் பையன் பதிவில் பெரிய ஆளாக நின்றால், அவனை யார் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்ற கேள்வியே கணினிக்கு வராது. டிக்கெட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'சைல்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயண நாளுக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்குள் என்றால் மடிக்குழந்தை, தனிச் சீட்டே கிடையாது. வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள். ஊரில் மறந்துவிட்டு வந்து கவுண்டரில் முழு டிக்கெட் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போய்த் திரும்புவதற்குள் இரண்டு வயது முடிகிறது என்றால் திரும்பும் பயணத்துக்குச் சீட் வாங்க வேண்டும். துபாயில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிற குடும்பங்கள் இதில்தான் மாட்டுகின்றன.

"ஒருவருக்காவது". குடும்பம் மொத்தமும் ஒரே வரிசை என்று விதி சொல்லவில்லை. அம்மாவும் பிள்ளையும் 14-ல், அப்பா 27-ல் என்றால் விதிப்படி சரிதான், அதற்குச் சண்டை போட வேண்டாம். ஜன்னலோரமும் விதியில் இல்லை. குறிப்பிட்ட சீட்டுதான் வேண்டும் என்றால் காசு கேட்பார்கள், கேட்கலாம். சிறிய ஏடிஆர் விமானம் என்றால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சீட்தான். தனியாக இரண்டு பிள்ளைகளோடு போகிற தாய்க்கு ஒரு பிள்ளை நடைபாதைக்கு அந்தப் பக்கம் வரும். அவசர வழி வரிசையில் பிள்ளைகளை உட்கார விடமாட்டார்கள், கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று அதைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.

அப்பத்தாவோ சித்தியோ கூட்டிப்போனால்? விதியில் பாதுகாவலர் என்ற சொல் இருக்கிறது. ஆனால் கவுண்டரில் "நீங்க அம்மா இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு கடிதம், அவர்களின் ஆதார் நகல், இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். அப்பத்தாவும் அதே பிஎன்ஆரில்தான் இருக்க வேண்டும்.

இனி வெப் செக்-இன், அதாவது ஏர்போர்ட்டுக்குப் போகும் முன்பே இணையத்தில் போர்டிங் பாஸ் எடுப்பது. சீட் வரைபடம் வரும், நல்ல சீட் எல்லாம் விலையோடு இருக்கும், 'குடும்பம் பிரியாமல் இருக்க இப்போதே வாங்குங்கள்' என்ற தோரணையில் பயமுறுத்தும். காசில்லாமல் தாண்டிப்போகிற பொத்தான் எங்கேயோ ஓரத்தில் மங்கலாக இருக்கும். அதைத் தேடி அழுத்துங்கள். கணினி தானாக ஒதுக்கும். ஒரே பிஎன்ஆர், சரியான வயது என்றால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பிரித்துப் போட்டால் உடனே பணம் கட்டாதீர்கள். அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நேரம் தெரிகிற மாதிரி. அப்புறம் நிறுவனத்துக்குப் போன் அல்லது சாட்டில் எழுதுங்கள்.

இங்கேதான் அலைச்சல் ஆரம்பிக்கும். போனில் இருப்பவர் "ஏர்போர்ட்டில் கேளுங்கள்" என்பார். ஏர்போர்ட்டில் "ஏஜென்ட்டிடம் கேளுங்கள்" என்பார்கள். ஏஜென்ட், "நம்ம கையில எதுவும் இல்ல, அவங்க சிஸ்டம்" என்பார். மூன்று பேரும் ஒருவகையில் உண்மையைத்தான் சொல்கிறார்கள், உங்கள் பிள்ளைதான் 6-ல் உட்கார்ந்திருக்கும். அதனால் வாயால் கேட்டதோடு நிற்காமல் எழுத்தில் ஏதாவது ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்குச் சீக்கிரம் போங்கள். நம் ஊரிலிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வாந்தி எடுக்கும், டீக்கு நிறுத்துவோம், கடைசி நிமிடத்தில் நுழைவோம். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். கடைசியில் வருகிறவருக்கு மிச்சம் கிடப்பது நடுச் சீட்டுகள்தான். கவுண்டரில் கத்த வேண்டாம். "ஒரே பிஎன்ஆர், பையனுக்கு நாலு வயசு, டிஜிசிஏ விதிப்படி பக்கத்துல போடுங்க. முடியாதுன்னா அதை எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எழுதிக் கொடு என்றதும் மேலதிகாரியைக் கூப்பிடுவார்கள், பாதி நேரம் அங்கேயே முடிந்துவிடும். "உள்ளே போய் யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்துச் சீட் வாங்கினவர் ஏன் எழுந்திருக்க வேண்டும்?

வளைகுடாவுக்கு வெளிநாட்டு நிறுவன விமானத்தில் போகிறவர்கள் இந்த விதியை நம்பி இருக்க வேண்டாம். அந்த நிறுவனம் குடும்பச் சீட் பற்றி என்ன சொல்கிறது என்று ஏஜென்ட்டிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியும் பிரித்துவிட்டார்கள் அல்லது காசு வாங்கிவிட்டார்கள் என்றால், போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். பாஸ், டிக்கெட், ஸ்கிரீன்ஷாட், கட்டிய ரசீது, நான்கையும் வைத்து முதலில் நிறுவனத்துக்குப் புகார். அதில் ஒரு வரி தவறாமல் எழுதுங்கள்: "இந்தப் பிள்ளைக்குச் சீட் ஒதுக்கிய பதிவைத் தாருங்கள்." பதிவு வைத்திருக்கச் சொல்லியிருப்பதால் இந்தக் கேள்விக்கு அவர்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் வரும், அதோடு விடாமல் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அந்த அக்காவுக்கு நான் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு பிஎன்ஆர், விதி பக்கம் நிற்காது என்று சொன்னேன், முகம் வாடிவிட்டது. அடுத்த முறை டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே வந்தார். என் கடையில் நின்றே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்.) "காக்கா, எனக்கும் பையனுக்கும் ஒரே பிஎன்ஆர். அவன் பிறந்த தேதி சொல்றேன், எழுதிக்கோங்க." அந்தப் பக்கம் ஏதோ கணக்குச் சொன்னார்கள். "கூடுனா கூடட்டும்" என்று சொல்லிவிட்டு, பையனின் பிறப்புச் சான்றிதழை என்னிடம் நீட்டி இரண்டு நகல் எடுக்கச் சொன்னார்.