போர்ட்டைத் திறந்தால் ஆபீஸ் சர்வர் கிடைத்துவிடுமா?

ஆடிட்டர் அலுவலகங்கள், போட்டோ ஸ்டுடியோக்கள் மாதிரி சின்ன இடங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஃபைபரை விட்டு, மொட்டை மாடியில் பெட்டி மாட்டும் 5ஜி வயர்லெஸ் இணைப்புக்கு மாறியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது: "நெட் நல்லா வருது சார், ஆனா ஆபீஸ் சர்வர் மட்டும் வெளியிலிருந்து திறக்க மாட்டேங்குது." கூடவே ஒரு கோரிக்கை: "ரூட்டர்ல போர்ட்டைத் திறந்துவிட்டுடுங்க."

போர்ட் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல். அதைத் திறந்தாலும் பெரும்பாலும் பலிக்காது. சர்வர் இருக்கும் இடத்து ரூட்டரில் இன்டர்நெட் ஐபி, அதாவது இணைப்பின் முகவரி எண், எது என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினாலோ, கூகுளில் தேடினால் வரும் உங்கள் ஐபி வேறாக இருந்தாலோ, பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று அர்த்தம். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அந்தத் தட்டுப்பாட்டால் 2012-இல் இந்த 100.64 வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். நூறு வீடு உள்ள அபார்ட்மென்டுக்கு ஒரே கதவு எண் இருப்பது போலத்தான். நீங்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது. உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், கோரிக்கை இணைப்பு தரும் கம்பெனியின் கருவியைத் தாண்டி உங்களிடம் வராது.

ஒருவிதத்தில் அது நல்லதுதான். விண்டோஸ் ஃபைல் ஷேரிங் ஓடும் 445-ஆம் போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறப்பது நான் எந்த வாடிக்கையாளருக்கும் செய்யாத வேலை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது இந்த வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். "எங்களிடம் விண்டோஸ் இல்லை, நாஸ் பெட்டிதான்" (நாஸ் என்பது நெட்வொர்க்கில் மாட்டும் ஃபைல் சேமிப்புப் பெட்டி) என்பவர்களுக்கு: 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டியது. ரூட்டரில் யூபிஎன்பி ஆன் ஆகியிருந்தால், நீங்கள் கேட்காமலே உள்ளேயிருக்கும் கருவி போர்ட்டைத் திறந்துகொள்ளும். முதலில் அதை அணையுங்கள்.

சரி, அப்போது வழி? விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே உங்களுக்கென்று போடும் பூட்டிய தனி வழி. சர்வர் பக்கமிருந்தே வெளியே இணைப்பைத் தொடங்க வைத்தால் பகிர்வு முகவரி ஒரு தடையே இல்லை. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை இதை எளிதாகச் செய்கிறது. இல்லையென்றால் பொது ஐபி உள்ள ஒரு சிறிய கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் மூலம் இரு பக்கத்தையும் அதில் சேர்க்கலாம். அலுவலகப் பக்கத்தில் 'கீப்அலைவ்' (இணைப்பை விழித்திருக்க வைக்கும் சிறு சிக்னல்) 25 வினாடி வையுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் வழி மூடிக்கொள்ளும்.

விபிஎன் போட்ட பிறகும் இரண்டு தொல்லைகள் வரும். வீட்டிலும் ஆபீஸிலும் 192.168.1 என்ற உள் முகவரி வரிசையே இருந்தால், லேப்டாப் ஆபீஸ் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். ஆபீஸ் வரிசையை மாற்றுங்கள், 192.168.57 மாதிரி யாரும் வைக்காத எண்ணாக.

இன்னொன்று ஆளைக் குழப்பும். ஃபோல்டர் பட்டியல் வரும், சின்ன ஃபைல் திறக்கும், பெரிய ஃபைல் பாதியில் உறைந்து நிற்கும். எல்லோரும் சிக்னலைத்தான் திட்டுவார்கள். சந்தேகப்பட வேண்டியது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. வயர்லெஸ் இணைப்பில் அது வழக்கமான 1500-ஐவிடக் குறைவாக இருக்கலாம். விபிஎன் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். விபிஎன்னை அணைத்துவிட்டு, பாக்கெட்டை உடைக்காதே என்ற தேர்வோடு 1472 பைட்டில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். போகாவிட்டால் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகும் எண்ணோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் எம்டியு. அதில் 80-ஐக் கழித்து வயர்கார்டில் போடுங்கள். கணக்கு வேண்டாமென்றால் 1280 போட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

வேகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: வீட்டிலிருந்து நீங்கள் திறக்கும் ஃபைல், ஆபீஸ் இணைப்பின் அப்லோடில்தான் வருகிறது. விளம்பரத்தில் போடுவது டவுன்லோட் எண். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் 100 எம்பி ஃபைலுக்கு குறைந்தது 80 வினாடி. டேலி கணக்கு மென்பொருளின் டேட்டாவை மட்டும் விபிஎன் வழியாக நேரடியாகத் திறக்காதீர்கள். நூற்றுக்கணக்கான சிறு கோரிக்கைகள் போய்வந்து நத்தை போல நகரும், நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெடவும் வாய்ப்புண்டு. விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் போட்டு ஆபீஸ் கணினியிலேயே டேலியை ஓட்டுங்கள். அதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டால், அதற்கும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.