மேகம் மறைத்த வெயில் முதுகைச் சுட்டது எப்படி?

ஆவணி மாதம், வானம் முழுக்க வெள்ளை மேகம். "வெயிலே இல்லையேன்னு மேல்சட்டையைக் கழட்டி வரப்புல போட்டுட்டு நட்டோம். ராத்திரி பிடரி எரிஞ்சுது, மூணாம் நாள் தோல் உரிஞ்சுது. அடிக்காத வெயில் எப்படிச் சுட்டுச்சு?" மன்னார்குடிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் வாசகி ஒருவர் கேட்கிறார்.

நாம் வெயில் என்று சொல்வதில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், தோலுக்குத் தெரியும் அகச்சிவப்பு வெப்பம், எந்தப் புலனுக்கும் தெரியாத புற ஊதாக் கதிர். தோலைக் கன்ற வைப்பது பெரும்பாலும் புற ஊதாவின் பி வகை, அதாவது 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள கதிர். மேகத்தில் இருக்கும் நீர், அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். புற ஊதாவை அது உறிஞ்சுவது மிகக் குறைவு, இங்குமங்கும் சிதறடிக்கத்தான் செய்யும். அதனால் மெல்லிய மேகத்தின் கீழ் உடம்பு குளிர்ச்சியாக உணரும் நேரத்திலும் புற ஊதாவில் பெரும்பகுதி இறங்கிக்கொண்டிருக்கும். கருத்துத் திரண்ட மழைமேகம் என்றால் நன்றாகவே தடுக்கும். திட்டுத்திட்டாக மேகம் மிதக்கும் நாளிலோ, மேகத்தின் ஓரங்களில் பட்டுச் சிதறும் ஒளியும் சேர்ந்துகொண்டு, சில நிமிடங்களுக்குத் தெளிந்த வானத்தைவிட அதிகமாகவே இறங்குவதும் உண்டு.

வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓசோன் வாயு புற ஊதாவை உறிஞ்சித் தடுக்கும் கதை பள்ளியிலேயே படித்ததுதான். தலைக்கு மேலுள்ள ஓசோனை எல்லாம் திரட்டித் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால், நம் ஊர்ப் பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் கனம் தேறும். வடக்கே குளிர் நாடுகளில் இதைவிடக் கூடுதல். சூரியன் சாய்ந்திருந்தால் கதிர் அந்தப் படலத்தைச் சாய்வாகக் கடக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுவதால் பி வகை வெகுவாக வடிகட்டப்படுகிறது. "விடியக்காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும்" என்று வாட்ஸாப்பில் சுற்றும் அறிவுரை என்னைக் கோபப்படுத்துவது இதனால்தான். வைட்டமின் டி-யை உண்டாக்குவதும் இதே பி வகைதான். விடியலில் அது இல்லாத குறைதான்.

நான் சொல்ல ஆசைப்படுவது இனிமேல்தான். காற்றின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்காகும். 620 நானோமீட்டர் சிவப்பொளி காற்றை ஏறக்குறைய நேர்கோட்டில் கடந்து வந்துவிடும். 310 நானோமீட்டர் புற ஊதாவோ வழியெல்லாம் முட்டி மோதித் திசைமாறி வருகிறது. அதனால் உச்சிவேளையில்கூட, தரைக்கு வரும் பி வகையில் ஏறக்குறைய பாதி சூரியன் இருக்கும் திசையிலிருந்து வருவதில்லை. வானத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறது. 310 நானோமீட்டரைப் பார்க்கும் கண் நமக்கு இருந்திருந்தால், சூரியனைச் சுற்றி வானக்கூரை முழுவதும் ஒளிர்வதைக் கண்டிருப்போம். வரப்பில் நிற்கும் பனையின் நிழல் கறுப்பாக விழாமல் வெளிறிப் போயிருக்கும். கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு அல்ல, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று 1921இல் கப்பல் பயணத்தின்போது கண்டுகொண்ட சி.வி.ராமன், நம் டெல்டாவின் தலைமாட்டில் திருவானைக்காவலில் பிறந்தவர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிதறல்தான் நினைவுக்கு வரும்.

இப்போது நடவு வயலைப் பாருங்கள். மலை இல்லை, கட்டடம் இல்லை, அடிவானம்வரை திறந்த வானம். நாற்றுமுடியை இடக்கையில் பிடித்துக் குனிந்தால் முகம் சேற்றைப் பார்க்கும், பிடரியும் முதுகும் வானத்தைப் பார்க்கும். மணிக்கணக்கில் அப்படியே. ஆவணியில் உச்சிச் சூரியன் தஞ்சை வட்டாரத்துக்கு ஏறக்குறைய நேர்மேலே நிற்கிறது; சித்திரையின் தொடக்கத்திலும் அப்படித்தான். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, அதன் நுனியைப் பிடரியில் தொங்கவிடும் நம் பெண்களின் வழக்கம் அருமையான தடுப்பு. சூடு தெரியவில்லை என்று அன்றைக்கு அதைக் கழற்றியதுதான் வினையாகிவிட்டது. ஒன்று கவனியுங்கள்: நனைந்த வெள்ளைத் துணி புற ஊதாவைக் கூடுதலாக உள்ளே விடும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறச் சட்டை மேல்.

"கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்பதும் பாதி உண்மைதான். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் தோலுக்குக் காவல், கண்ணுக்கு அதே காவல் கிடையாது. கண்புரைக்குப் புற ஊதாவும் ஒரு காரணம்.

கொடைக்கானலில் பல பத்தாண்டுகளாக டாப்சன் கருவியால் ஓசோனை அளந்திருக்கிறார்கள். அளக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. இரவுச் செய்தியில் "இன்று இத்தனை டிகிரி" என்று சொல்வதுபோலப் புற ஊதாக் கதிர் எவ்வளவு பலமாக இறங்குகிறது என்று காட்டும் எண்ணான புற ஊதாக் குறியீட்டையும் ஊர்வாரியாகச் சொல்ல வேண்டும். அதற்கான கருவிகளைக் குனிந்து வேலை செய்கிறவர்களின் வயலோரம் வைப்பதற்குப் பணம் ஒதுக்குவதைவிட அவசியமான ஆராய்ச்சிச் செலவு எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை நிழலே கருவி. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது என்று பொருள். டெல்டாவில் மார்கழி உச்சிவேளையிலும் அது குட்டைதான், ஆளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மேகம் மூடி நிழலே விழாத நாளில் முந்தின நாள் அதே நேரத்து நிழலை நினைத்துப் பாருங்கள். சூரியன் அதே இடத்தில்தான் நிற்கிறது. சட்டை வரப்பில் கிடக்க வேண்டாம்.