“நமக்குக் குளவி புதுசா மிஸ்?”

இந்த மாதத்தில் இது மூன்றாவது கூட்டம். கூட்டம் என்றுதான் சொல்லவேண்டும். குளவிக்கொட்டோடு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யாரும் ஒற்றையாக வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. இரண்டு முச்சக்கரவண்டிகளில் ஒன்பது பேர். கையெல்லாம் மண், காலெல்லாம் மண், ஒரு பையன் மண்வெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் வந்திருந்தான். லயத்துச் சனம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். கைவிட்ட தேயிலை மலையில் ஒரு துண்டைத் துப்புரவாக்கி, எல்லாருமாகச் சேர்ந்து மரக்கறி போடுவதாக ஏற்பாடு. பற்றையை வெட்டிக்கொண்டே போனபோது யாரோ ஒருவருடைய கத்தி கூட்டில் பட்டிருக்கிறது.

எட்டுப் பேர் தாங்களே இறங்கி நடந்து வந்தார்கள். ஒன்பதாவது ஆள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. வண்டியின் பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். தலை மகனின் தோளில் கிடந்தது. நெற்றியிலும் காதோரத்திலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. “வழியில ரெண்டு தடவ சாஞ்சிட்டாங்க மிஸ், நாங்கதான் புடிச்சிப் புடிச்சி உட்கார வச்சோம்” என்றான் மகன். பெருமையாகவே சொன்னான், பாவம். மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடி கிடைக்கவில்லை.

அந்த அம்மா பிழைத்துவிட்டார். இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அதைத் தேடியேதான் படிப்பீர்கள். படுக்கவைத்து, காலை உயர்த்தி, தொடையில் அட்ரினலின் போட்டோம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார். பேச்சு வந்ததும் சொன்ன முதல் வார்த்தைதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. “நமக்குக் குளவி புதுசா மிஸ்? எத்தன வாட்டி கொட்டிருக்கு. ஒண்ணுமே ஆனதில்ல.”

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. இதே வசனத்தை எத்தனை பேர் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் வசந்தம் என்று பனர் கட்டுகிறார்கள். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு. நம் நாட்டில் ஏது வசந்தம் என்று கேட்கலாம்தான். ஆனால் மலையகத்தில் இந்தப் பருவத்துக்கு ஒரு குணம் இருக்கிறது: பனி குறைந்து வெயில் ஏறும், மரங்கள் பூக்கும், இடையில் மழையும் எட்டிப்பார்க்கும். பாடசாலை விடுமுறை வேறு. பிள்ளைகள் ஓடைப்பக்கம் போவார்கள், இளைஞர் கழகம் சிரமதானம் வைக்கும், கோயில் திருவிழாவுக்கு வளவு துப்புரவாகும், லயத்துக்குப் பின்னால் கோவாவுக்கும் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் மண் கொத்துவார்கள். பூ இருக்கும் இடத்துக்குத் தேனீயும் வரும். மனிதரும் அதுவும் ஒரே நேரத்தில் ஒரே பற்றைக்குள் கைவைத்தால் எங்கள் வார்டு நிரம்பும்.

இந்த மரக்கறித் தோட்டங்களுக்கு நான் எதிரியில்லை. மரக்கறி விற்கிற விலைக்கு, பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தில் பாடுபடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவள்தான்.

முதலில் பெயர். நாம் கொட்டுகிற எல்லாவற்றுக்கும் ‘குளவி’ என்று ஒரே பெயரை வைத்திருக்கிறோம். சிங்களத்தில் பம்பரா வேறு, தெபரா வேறு. பம்பரா என்பது மலைத்தேனீ. உயரமான மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒற்றை அடையாகத் திறந்தபடி தொங்கும். ஒரு கூட்டில் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். சிகிரியாவில் சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். தெபராதான் உண்மையான குளவி. கறுப்பு உடம்பு, வயிற்றில் செம்மஞ்சள் பட்டை. கடதாசிக் கூழில் செய்த பந்து மாதிரிக் கூடு, பற்றைக்குள் இடுப்புயரத்திலும் இருக்கும். பத்திரிகையில் எப்போதும் ‘கழுகு கூட்டைக் கலைத்தது’ என்று செய்தி வரும். அது பொய்யில்லை, தேன்பருந்து மலைத்தேனீ அடையைப் பிய்க்கும், கீழே கொழுந்து எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒன்பது பேரை எந்தக் கழுகும் அனுப்பவில்லை.

எது கொட்டியது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடிவதில்லை. பரவாயில்லை, தோலைப் பார்த்தால் ஓரளவு தெரியும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், விஷப்பையும் அதோடு இருக்கும். குளவி கொடுக்கை விட்டுப்போவதில்லை, ஒரே குளவி பலமுறை கொட்டும். கொடுக்கு இருந்தால் உடனே எடுங்கள். நகத்தால் வழித்தாலும் சரி, கிள்ளி எடுத்தாலும் சரி, எப்படி எடுக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்கள் என்பதே முக்கியம். ஆனால் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு எடுக்காதீர்கள். ஒரு தேனீ கொட்டியதும் வெளிவரும் வாசம் மற்றவற்றைக் கூப்பிடும். தூரமாக ஓடிவிட்டு அப்புறம் எடுங்கள்.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். “நமக்குக் குளவி புதுசா?” அதாவது, “கொட்டிப் பழகின உடம்பு.”

இது தலைகீழான கணக்கு. ஒவ்வாமை என்பது பெரும்பாலும் முதல் கொட்டில் வருவதில்லை. முதல் தடவை உடம்பு அந்த விஷத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறது. இரண்டாவதிலோ ஐந்தாவதிலோ பத்தாவதிலோ, வைத்த அடையாளத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறது. விஷத்தைவிட அந்தச் சண்டைதான் ஆளைச் சாய்க்கிறது. ஆகவே, “முன்னால கொட்டியிருக்கு” என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கேட்பது ‘இவருடைய உடம்பு தயாராக இருக்கலாம்’ என்பதுதான். போன வருடம் வெறும் வீக்கத்தோடு போனது இந்த வருடம் அப்படியே போகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

உடனே யாராவது தேனீ வளர்ப்பவர்களைக் காட்டுவார்கள். சரி, அதையும் பேசிவிடுவோம். வருடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் கொட்டு வாங்குகிற தேனீ வளர்ப்பாளர்களுக்கு உண்மையாகவே ஒவ்வாமை மிகக் குறைவு. அவர்களுக்குள்ளேயே, வருடத்துக்கு இருபத்தைந்துக்கும் குறைவாகக் கொட்டு வாங்குபவர்களுக்குத்தான் ஒவ்வாமை அதிகம். நீங்கள் எந்த ரகம்? வருடத்துக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒன்று. பழக அது போதாது, அடையாளம் வைக்கப் போதும். உங்களுடைய தாத்தா கூட்டைக் கையாலேயே பிய்த்தார் என்பதும் எனக்கு உதவாது. அவருக்கு ஒவ்வாமை இல்லை, அவ்வளவுதான். ஒவ்வாமை இருந்த தாத்தாக்களின் கதையைச் சொல்ல ஆள் மிஞ்சவில்லை.

இந்த நினைப்பினால் வருகிற கெடுதி என்னவென்றால், ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று வீட்டில் படுப்பது. சுண்ணாம்பு தடவுவார்கள், மஞ்சள் பூசுவார்கள், மண்ணெண்ணெய்கூடத் தேய்ப்பார்கள். சுண்ணாம்பு தோலில்தான் நிற்கும், விஷம் அதற்குள் இரத்தத்தில் போயிருக்கும். குளவி, தேனீ கொட்டி இறந்தவர்களை ஆராய்ந்த ஒரு பிரித்தானிய ஆய்வில், கொட்டியதிலிருந்து இதயம் நிற்கும்வரை போன நேரத்தின் நடுமதிப்பு 15 நிமிடம். பதினைந்து! வெற்றிலைப் பெட்டியைத் தேடிச் சுண்ணாம்பு எடுத்துக் குழைக்கவே பாதி போய்விடும்.

அடுத்தது பிரிட்டன். நாடல்ல, குளிசை. கடையில் இரண்டு வாங்கிப் போட்டுவிட்டு, “மருந்து போட்டாச்சு” என்று இருப்பார்கள். தோல் அரிப்புக்கு அது நல்ல குளிசைதான். விழுகிற இரத்த அழுத்தத்தை அது தூக்காது, இறுகுகிற தொண்டையைத் திறக்காது. அந்த வேலைக்கு அட்ரினலின் ஒன்றுதான். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். விலை மலிவான, மிகப் பழைய மருந்து. உங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் அது இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும்? கொட்டிய இடம் வீங்குவதற்கு அல்ல. கை முழுக்க வீங்கினாலும் அது பெரும்பாலும் சில நாளில் வற்றிவிடும். (அதற்குப் போய் அன்டிபயோட்டிக் கேட்டு என்னோடு சண்டை போடுகிறவர்கள் தனி ரகம்.) கொட்டாத இடத்தில் தடிப்பு எழும்பினால், உதடோ கண்ணிமையோ உப்பினால், குரல் கரகரத்தால், மூச்சு இழுத்தால், வாந்தி வந்தால், திடீரென்று வயிற்றைப் புரட்டி வெளியே போகவேண்டும் போல் இருந்தால், தலைசுற்றி வியர்த்தால் உடனே கிளம்புங்கள். சிலருக்குத் தடிப்பே வராமல் நேரடியாக மயக்கம் வரும். அந்த அம்மாவுக்கு அப்படித்தான். தோலில் எதுவும் இல்லாததால் களைப்பு என்று நினைத்து ஒரு கல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது வண்டிக் கதை. இதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். மயக்கம் வருகிற ஆளை உட்காரவைக்காதீர்கள், நிற்கவைக்காதீர்கள், கைத்தாங்கலாக நடத்திக்கொண்டும் வராதீர்கள். படுக்கவையுங்கள். காலை உயர்த்துங்கள். இரத்தம் முழுக்கக் காலுக்கு இறங்கிக் கிடக்கும்போது எழுப்பி உட்காரவைத்தால் இதயத்துக்குத் திரும்பிவர ஒன்றுமிருக்காது; அந்த நொடியிலேயே நின்றுவிடலாம். அந்த மகன் அம்மா சாயும்போதெல்லாம் நிமிர்த்தினான். சாய்ந்தது அவருடைய உடம்பு கேட்ட வைத்தியம். மூச்சுவிட முடியாமல் திணறுகிறவர் மட்டும், காலை நீட்டியபடி சாய்ந்து இருக்கலாம். கர்ப்பிணியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுத்து நினைவில்லாமல் இருப்பவரையும் ஒருக்களித்து.

முச்சக்கரவண்டியில் எப்படி மிஸ் படுக்கவைப்பது என்று கேட்பீர்கள். கேட்டார்கள். பின்சீட்டில் குறுக்காகக் கிடத்திக் காலை ஒருவர் மடியில் தூக்கிவைக்கலாம், இடுக்குத்தான். அதைவிடக் கொழுந்து லொறி எவ்வளவோ மேல். ஆள் நீட்டிப் படுக்கலாம், கம்பளி விரிக்கலாம். 1990 க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இன்றைக்கு நாடு முழுக்க இருக்கிறது. நம் தோட்டத்துப் பாதையில் அது மேல் டிவிசன் வரை ஏறாது என்றால், பிரதான பாதைவரை கம்பளியிலோ படங்கிலோ கிடத்தித் தூக்கிவாருங்கள். நம் பாட்டன்மார் அப்படித்தான் தூக்கினார்கள், அது சரியாகவும் இருந்தது.

ஒவ்வாமை இல்லாமலும் ஆபத்து உண்டு. பெரியவர்களுக்கு ஐம்பது கொட்டைத் தாண்டினால், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். விஷம் தசையைக் கரைக்கும், கரைந்தது சிறுநீரகத்தை அடைக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் சாயத்தண்ணி (பாலில்லாத தேத்தண்ணி) நிறத்தில் போகும், அப்புறம் போகாமலே நின்றுவிடும். அந்த நிறத்தைக் கண்டால் எங்களிடம் வாருங்கள். ஒவ்வாமை வந்து ஊசியில் தேறியவர்களையும் நாங்கள் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது, சிலருக்கு மணிக்கணக்கில் கழித்து மறுபடி வரும். “சுகமாயிருச்சு, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டுங்க” என்று கட்டிலைவிட்டு இறங்காதீர்கள். பிரஷருக்கு அட்டெனொலோல் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அட்ரினலின் அவர்களுக்குச் சரியாக வேலைசெய்யாமல் போகலாம், எங்களுக்கு வேறு ஏற்பாடும் வேண்டியிருக்கும். அதற்காக நீங்களாகக் குளிசையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

பற்றை வெட்டப்போவதற்கு முன்னால் செய்யவேண்டியது அதிகமில்லை. முதல் நாளே இரண்டு பேர் போய், கத்தி இல்லாமல், சும்மா நின்று பாருங்கள். ஒரு இடத்துக்கே குளவி போய்வந்துகொண்டிருந்தால் அங்கே கூடு இருக்கிறது. சவுக்கு மரத்தின் மேற்கிளையையும் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் ஒரு சிவப்புத் துணியைத் தூரத்திலேயே கட்டிவிட்டு அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். நெருப்பு வைக்கவேண்டாம். இரவில் போய் எரித்தால் தெரியாது என்பதும் கதைதான், மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறக்கும். கல் எறிகிற பையன்களைப் பற்றி நான் எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும். கூட்டை அகற்றித்தான் ஆகவேண்டும் என்றால் தோட்ட நிர்வாகத்திடமோ கிராம உத்தியோகத்தரிடமோ சொல்லி, அந்த வேலை தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாதீர்கள். படங்கையோ சட்டையையோ முகத்தில் போட்டுக்கொண்டு ஓடுங்கள், கதவு சாத்தக்கூடிய இடம் வரும்வரை. ஓடைக்குள் குதிக்காதீர்கள். தலையை எப்படியும் வெளியே எடுப்பீர்கள், அவை மேலேயே காத்திருக்கும். பிள்ளைகளைப் பற்றை வெட்டுகிற நாளில் கூட்டிவராதீர்கள் அம்மா. நாற்று நடுகிற நாளில் கூட்டிவாருங்கள், அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

கூட்டைக் கண்ட இடத்திலெல்லாம் அழிக்கவும் வேண்டாம். உங்கள் பூசணிக்கு மகரந்தம் கொண்டுவருவது தேனீ. இலை தின்னும் புழுப்பூச்சிகளைப் பிடித்துப்போவதில் குளவிக்கும் பங்கு உண்டு.

அந்த அம்மாவை இரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினோம். ஒவ்வாமை என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்த அட்டையை மகன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். நேற்று அவனே அழைத்தான். வருகிற ஞாயிறு மறுபடி வேலை தொடங்குகிறார்களாம். கூடு இருந்த மூலையை விட்டுவிட்டு மீதி நிலத்தில் கரட் போடப்போகிறார்களாம். அம்மா வரக்கூடாது என்று எல்லாரும் சொல்லியும் தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்கவாவது வருவேன் என்று அடம்பிடிக்கிறாராம். “கொழுந்து லொறி டிரைவரோட நம்பர வாங்கி வச்சிட்டேன் மிஸ்” என்றான். ஞாயிற்றுக்கிழமை லொறி எங்கே நிற்கும் என்று கேட்டேன். அதை விசாரிக்கவில்லையாம். விசாரித்துவிட்டு மறுபடி அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.